ஷீட்டைப் பார்த்தோம், சட்டத்தைப் பார்த்தோமா?

சென்ற வருடம் சித்திரைக் கடைசியில் ஆம்பூரிலுள்ள என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அங்கே ஒரு ஷூ கம்பெனியில் தையல் பகுதியில் வேலை பார்க்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு. பல வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் மொட்டை மாடியில் ஒரு ஷீட் ரூம் போட்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்கும் நான்கு மாதக் குழந்தைக்கும் அதுதான் அறை. மேலே ஓடும் இரும்புச் சட்டத்தில் பழைய நூல் புடவையைக் கட்டித் தூளி போட்டிருந்தார்கள்.

அன்று பிற்பகல் நான்கு மணி இருக்கும். அக்காவின் மாமியார் மாடிக்கு ஏறிப் போனார். "இன்னாடி இது, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி கீது! கொழந்தயக் குடு, கீழ எடுத்துனு போறேன்" என்று தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். பின்னாலேயே தாயும் வந்தாள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஏலகிரிப் பக்கம் வானம் கறுத்தது. புழுதி கிளம்பியது. ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டன. மாடியில் 'படார்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து தகரம் கிழிகிற ஓசை.

காற்று அடங்கியதும் மேலே போய்ப் பார்த்தோம். மூலையிலிருந்த மூன்று ஷீட்டுகளைக் காணோம். ஒன்று எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் கிடந்தது. தூளி கட்டியிருந்த சட்டம் ஒரு முனை பிடுங்கிக்கொண்டு, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரித் திருகி, தூளிக்கு நேர் கீழே தரையில் ஊன்றி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்த அக்கா, மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நல்ல கம்பெனி ஷீட்டுன்னு சொன்னாங்க. கலர்கூட நான்தான் பாத்துப் பாத்து எடுத்தேன். அதுக்குக் கீழ என்ன போட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியேடி!" என்றாள்.

அக்காவின் அந்த வார்த்தைதான் என்னை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது. வீடு கட்டும்போது டைல்ஸ், கதவு, சமையல் மேடை எல்லாவற்றையும் நாம் தேர்ந்தெடுக்கிறோம். நம் குழந்தையின் தலைக்கு மேல் இருக்கிற கூரையின் எலும்பை மட்டும் 'அது ஆம்பளைங்க சமாசாரம்' என்று விட்டுவிடுகிறோம். அதில் அப்படி ஒன்றும் புரியாத வித்தை இல்லை, சகோதரிகளே! வாருங்கள், பார்க்கலாம்.

அந்தச் சட்டத்துக்குப் பெயர் என்ன?

நம் பாட்டி காலத்துக் கீற்று வீட்டில் முகட்டு வளை, கைமரம், வரிச்சு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஓட்டு வீடென்றால் உத்திரம், கைமரம், ரீப்பர். எந்த மரம், எத்தனை அங்குலம், வைரம் பாய்ந்ததா என்று குடும்பமே கூடி விசாரிக்கும். மரம் போய் இரும்பு வந்ததும் விசாரிப்பதும் போய்விட்டது.

ஷீட் கூரையில், சாய்வாகவோ முக்கோணமாகவோ நிற்கும் பெரிய சட்டங்கள் சுவரின் மேலோ தூணின் மேலோ உட்கார்ந்திருக்கும். அந்தப் பெரிய சட்டங்களுக்குக் குறுக்கே, ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், வரிசையாகப் படுத்திருக்குமே, அவற்றுக்குத்தான் பட்டறைகளில் 'பர்லின்' என்று பெயர். ஷீட் உட்காருவதும் முடுக்கப்படுவதும் இந்தப் பர்லினில்தான். ஷீட்டின் பாரத்தையும், அதன் மேல் ஏறும் ஆளின் பாரத்தையும், காற்றின் வேகத்தையும் முதலில் ஏற்பது இதுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் சகோதரிகள், சாப்பாட்டு நேரத்தில் ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்கள். புதுக் கட்டடமாக இருந்தால், பெரும்பாலும் ஆங்கில 'இசட்' எழுத்துப் போலவோ 'சி' எழுத்துப் போலவோ மடித்த நீளமான தகடுகள் வரிசையாக ஓடுவது தெரியும். அவற்றுக்கு நடுநடுவே மெல்லிய கம்பிகள் இழுத்துக் கட்டியிருக்கும். சாய்வான கூரையில் பர்லின் பக்கவாட்டில் தொய்ந்து போகாமல் பிடித்துக்கொள்ளும் கம்பிகள் அவை.

தமிழ்நாட்டில் கீற்றுக் கூரை குறைந்து ஷீட் பெருகியதற்கு ஒரு சோகமான காரணமும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரை வேண்டாம் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. வீடுகளிலும் மக்கள் பயந்து மாற்றினார்கள். நெருப்புப் பயம் குறைந்தது உண்மைதான். ஆனால் ஷீட்டுக்கு வேறு இரண்டு எதிரிகள் இருக்கிறார்கள். ஒன்று காற்று, இன்னொன்று துரு.

ஒரு காகிதமும் இரண்டு டம்ளரும்

'இவ்வளவு மெல்லிய தகடு எப்படி இத்தனை பெரிய கூரையைத் தாங்குகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். அடுக்களையிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு டம்ளர்களைக் கொஞ்சம் தள்ளிக் கவிழ்த்து வைத்து, அவற்றின் மேல் ஒரு காகிதத்தைப் பாலம் போல் போடுங்கள். தொய்ந்து விழும். அதே காகிதத்தைப் புடவைக் கொசுவம் போல மடித்து மறுபடி வையுங்கள். இப்போது அது நிமிர்ந்து நிற்கும். ஒரு ஸ்பூனை வைத்தாலும் தாங்கும். காகிதம் மாறவில்லை. மடிப்புதான் பலம் கொடுத்தது.

1829-ஆம் ஆண்டு லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பால்மர் இந்தக் கொசுவத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய நெளித் தகரம், ஷீட் எல்லாம் அதன் வழி வந்தவையே. பர்லினும் அதே தத்துவம்தான். ஒன்றரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை கனமுள்ள தகட்டைச் சூடாக்காமலே மடிக்கிறார்கள். மடித்த ஓரத்தை இன்னும் ஒரு சிறு மடிப்பு மடித்து விடுவார்கள். நம் எவர்சில்வர் தட்டின் விளிம்பு உருட்டியிருக்கிறதே, அதே காரணம்தான். விளிம்பு இல்லாத தட்டு கையில் நெளியும். விளிம்புள்ள தட்டு நெளியாது.

வீடுகளில் இந்த 'சி', 'இசட்' வகைகளைவிடச் சதுரக் குழாய், நீள்சதுரக் குழாய்தான் அதிகம். 'ரெண்டுக்கு ஒண்ணு டியூப்' என்று கடையில் கேட்பார்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிள்ளைகளின் மர ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்தால் சுலபமாக வளைகிறது. நிமிர்த்தி வைத்து வளைத்தால் வளைவதில்லை. குழாயும் அப்படித்தான். இரண்டு அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி வைத்தால், படுக்க வைத்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வளையாமல் நிற்கும். அதே பணம், அதே இரும்பு. வைக்கிற விதத்தில்தான் வித்தியாசம். அக்கா வீட்டில் குழாயைப் படுக்கப் போட்டிருந்தார்கள்!

இடைவெளியும் முக்கியம். இரண்டு பர்லினுக்கு நடுவேயுள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் ஷீட்டுக்கு வரும் வளைவு வேதனை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அது தொய்யும் அளவோ பதினாறு மடங்கு. 'ரெண்டு குழாய் மிச்சம்மா' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வீடுகளுக்குப் போடும் மெல்லிய இரும்பு ஷீட்டுக்குப் பர்லின் இடைவெளி நான்கு அடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது; காற்றுப் பிடிக்கும் ஓரங்களில் இன்னும் நெருக்கம் வேண்டும். நல்ல ஷீட் கம்பெனிகள் எத்தனை கனத்துக்கு எத்தனை இடைவெளி என்று அட்டவணையே தருகின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள்.

காற்று அமுக்காது, தூக்கும்

மறுநாள் வந்த பட்டறைக்காரர் விழுந்த சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாரும் காத்து மேல இருந்து அமுக்கும்னு நெனைக்கறாங்கம்மா. அது தூக்கும். கூரைய நிக்க வெச்சா மட்டும் போதாது, பறக்காம புடிச்சு வெக்கணும். இங்க பாருங்க, பொட்டு வெச்ச மாதிரி ரெண்டே எடத்துல வெல்டிங் வெச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார்.

இதையும் வீட்டில் பரீட்சை செய்யலாம். ஒரு விரல் அகலக் காகிதத் துண்டைக் கீழ் உதட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, அதன் மேல்பக்கமாக ஊதுங்கள். தொங்கிக்கொண்டிருந்த துண்டு மேலே எழும்பும். கூரையின் மேல் காற்று வேகமாக ஓடும்போது நடப்பதும் இதுதான். ஜன்னலோ கதவோ திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து கீழேயிருந்து நெம்பும். மழையில் குடை மேல்நோக்கிப் பிரிந்துகொள்வதைப் பார்க்காதவர்கள் யார்?

பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடை மொத்தமே சுமார் 45 கிலோ. மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அந்தக் கூரையைத் தூக்கும் விசை ஏறக்குறைய 500 கிலோவுக்குச் சமம். பத்துப் பேர் சேர்ந்து தூக்குகிற சாமானை ஒரு நூலில் கட்டி வைத்தால் நிற்குமா?

'புயலெல்லாம் கடற்கரைக்காரர்களுக்குத்தானே' என்று எண்ண வேண்டாம். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையை உலுக்கியது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நாகை, தஞ்சைப் பக்கம் எத்தனையோ வீடுகளின் ஓட்டையும் ஷீட்டையும் பறக்க வைத்தது. கட்டடம் கட்டுவோர் காற்றுக்கு எவ்வளவு பலம் கணக்கிட வேண்டுமென்று இந்தியத் தர நிர்ணய விதிகளே சொல்கின்றன. சென்னைக்கு விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றை அடிப்படையாக எடுக்கச் சொல்கின்றன. உள்நாட்டுக்கு அதைவிடக் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. வேலூரிலும் ஆம்பூரிலும் கோடை மழைக்கு முன் சில நிமிஷங்கள் சுழற்றி அடிக்கிறதே ஒரு சூறைக்காற்று, பலவீனமான கூரைக்கு அது போதும்.

ஆகவே கூரை என்பது ஒரு வடச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷீட்டைப் பர்லினோடு திருகாணி பிடிக்கிறது. பர்லினைப் பெரிய சட்டத்தோடு போல்ட்டோ முழு வெல்டிங்கோ பிடிக்கிறது. பெரிய சட்டத்தைச் சுவரோடு, கான்கிரீட்டில் புதைத்த போல்ட் பிடிக்கிறது. இதில் ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்ததுதான். சட்டத்தின் காலைச் செங்கல் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துச் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவதை எத்தனையோ மாடிகளில் பார்க்கலாம். அது ஒட்டு, பிடிப்பு அல்ல.

ஷீட்டின் மேல் செங்கல்லையும் பழைய டயரையும் வைத்து 'வெயிட்' கொடுப்பது இன்னொரு பழக்கம். ஐந்நூறு கிலோ இழுப்புக்கு நான்கு செங்கல் எம்மாத்திரம்? ஷீட் பறக்கும்போது அந்தக் கல்லும் கூடவே பறந்து யார் தலையிலாவது விழும்.

கிலோ கணக்குக் கேளுங்கள்

இரும்பை எடை போட்டுத்தான் விற்கிறார்கள். கனம் குறைந்தால் எடை குறையும். வெளிப்பார்வைக்கு இரண்டு குழாயும் ஒன்று போலவே இருக்கும். ஆகவே எடையைக் கேளுங்கள். இருபது அடி நீளமுள்ள 'ரெண்டுக்கு ஒண்ணு' குழாய், 1.2 மில்லிமீட்டர் கனமென்றால் சுமார் 8 கிலோ இருக்கும். 2 மில்லிமீட்டர் கனமென்றால் சுமார் 13 கிலோ. ஒரு குழாயைத் தராசில் வைக்கச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும். தங்கக் கடையில் மில்லிகிராம் பார்க்கிற நாம் இரும்புக் கடையில் கிலோ பார்க்கக் கூச்சப்படலாமா?

உப்பும் துருவும்

தோல் தொழில் ஊர்களில் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். பதனிடும் முன்பு அந்த உப்பை உதறி எடுக்கிறார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரும்பு சீக்கிரம் அரிக்கும் என்பது, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அரிவாள்மணையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோல் மண்டிக்கோ டேனரிக்கோ பக்கத்தில் வீடு இருந்தால் நாகமுலாம் பூசிய பர்லினே நல்லது. சாதாரண இரும்பானால் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கை பெயின்ட் அடிக்க வேண்டும்.

நாகமுலாம் பூசியதிலும் வெல்டிங் வைத்த இடத்தில் முலாம் எரிந்து போயிருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். அந்த இடங்களில் துத்தநாகப் பெயின்ட் தடவச் சொல்லுங்கள். குழாயின் திறந்த வாயை மூடி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளுக்குள் அரித்துவிடும்.

வருஷத்துக்கு இரண்டு தடவை, சித்திரைக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், அண்ணாந்து பாருங்கள். சட்டத்தில் பழுப்புக் கோடு வழிகிறதா? ஷீட் ஆடுகிறதா? திருகாணியின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கிறதா? இருந்தால் அந்த வாரமே ஆளைக் கூப்பிடுங்கள்.

தூளி, கொடி, மின்விசிறி

இப்போது தாய்மார்களுக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

தூளி கட்டுவது நம் வழக்கம். தேக்கு உத்திரத்தில் நம் பாட்டி கட்டினாள்; ஒன்றும் ஆகவில்லை. மெல்லிய பர்லின் அந்த உத்திரம் அல்ல. அது மேலே சீராகப் பரவிய பாரத்துக்காகச் செய்யப்பட்டது. அதன் ஒரு விளிம்பில் மட்டும் பாரத்தைத் தொங்க விட்டால் அது வளைவதற்கு முன் திருகிக்கொள்ளும். தூளி ஆடும்போது பாரம் கூடிக் கூடிக் குறைகிறது. பெரிய குழந்தை ஒன்று 'நானும் ஏறுவேன்' என்று தொத்திக்கொண்டால் கேட்கவே வேண்டாம். தவிர, தகட்டின் கூரிய ஓரம் நூல் புடவையைச் சிறிது சிறிதாக அறுக்கும். நமக்குத் தெரியாது, மேலேயல்லவா நடக்கிறது!

ஷீட் ரூமில் பர்லினில் தூளி கட்டவே கட்டாதீர்கள். கான்கிரீட் தளத்தில் தளம் போடும்போதே பதித்த கொக்கி இருந்தால் அதில் கட்டலாம். இல்லையென்றால் தரையில் நிற்கும் தொட்டில் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்சாரம். இரும்புச் சட்டம் முழுவதும் ஒன்றோடொன்று இணைந்தது. எங்கோ ஒரு மூலையில் ஒயரின் தோல் கிழிந்து சட்டத்தைத் தொட்டால் மொத்தக் கூரையிலும் மின்சாரம் பாயும். அந்தச் சட்டத்தில் துணி காய இரும்புக் கம்பி கட்டியிருந்தால், ஈரக் கையோடு புடவை உலர்த்தப் போகிறவள் கதி என்ன? கொடிக்கு நைலான் கயிறே போதும். அதையும் சட்டத்தில் கட்டாமல் தனியாகக் கட்டுங்கள். ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சட்டத்துக்கு எர்த் கொடுத்து, மின் கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் இ.எல்.சி.பி. கருவியையும் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மின்விசிறி மாட்ட வேண்டுமானால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பர்லினுக்கு நடுவே தனிக் குழாய் போட்டு அதில் மாட்டுவார்கள். பொய்க்கூரை போடுவதாக இருந்தாலும் அப்படியே. பிறகு யோசித்துத் தொங்க விடும் ஒவ்வொன்றும் கணக்கில் வராத பாரம்.

வடாம் காயப் போட ஷீட்டின் மேல் ஏறுகிற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஏறாமலிருப்பதே உத்தமம். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் திருகாணி வரிசை தெரிகிறதல்லவா, அதற்கு நேர் கீழேதான் பர்லின் இருக்கிறது. அந்த வரிசையில் மட்டும் காலை வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் அதுவும் கூடாது. ஓசையில்லாமல் உடைந்து உள்ளே விழ வைக்கும். அந்த ஷீட்டை அறுப்பதும் உடைப்பதும் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. புற்றுநோய் வரவழைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனமே உறுதியாகச் சொன்னது.

சுவரும் பரணும்

இதே பர்லின் கூரைக்கு மட்டும் அல்ல. தொழிற்சாலைகளில் ஷீட் சுவருக்குப் பின்னால் குறுக்காகப் படுத்துக் காற்றின் தள்ளலைத் தாங்குகிறது. பழைய வீடுகளில் மர உத்திரங்களை வரிசையாக வைத்து, மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட 'மெட்ராஸ் டெரஸ்' பார்த்திருப்பீர்கள். அந்த உத்திரங்கள் இருந்த இடத்தில் இன்று இரும்புச் சட்டங்களை வைத்து, மேலே பலகையோ சிமெண்டுத் தகடோ போட்டுப் பரண், நடுத்தளம் கட்டுகிறார்கள்.

இங்கேதான் குடும்பத் தலைவி உஷாராக இருக்க வேண்டும். கூரைக்குப் போட்ட கனம் தளத்துக்குப் போதாது. ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு டன் பாரம். அதை ஷீட் ரூமின் சட்டத்தின் மேல் ஏற்றுவது, தூங்குகிறவர்கள் தலைக்கு மேல் ஒரு காரை நிறுத்துவது போல. தொட்டிக்குத் தனித் தூண், தனி மேடை வேண்டும்.

வெக்கையும் கைக்குழந்தையும்

வேலூரை 'வெயிலூர்' என்று சும்மாவா சொல்கிறார்கள்? ஷீட்டின் அடிப்பக்கம் கணகணவென்று காய்ந்து அனலை நேராகக் கீழே வீசும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை பத்து மணியிலிருந்து மாலை வரை கைக்குழந்தையை ஷீட் ரூமில் படுக்க வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலையே அடிக்கடி கொடுத்தால் போதும். குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து தூங்கினாலோ, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ கை வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கூரைக்கு வெள்ளை நிறம் அனலைக் குறைக்கும். சுவரின் உச்சியில் எதிரெதிராகக் காற்றுத் துவாரம் வைத்தால் தேங்கிய வெக்கை வெளியேறும்.

வேலை கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. பர்லின் என்ன அளவு, எத்தனை மில்லிமீட்டர் கனம், ஒரு குழாய் எத்தனை கிலோ?

2. இரண்டு பர்லினுக்கு நடுவே எத்தனை அடி? ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாகப் போடுவீர்களா?

3. குழாயை நிமிர்த்தி வைப்பீர்களா, படுக்க வைப்பீர்களா?

4. சட்டத்தின் கால் எதில் நிற்கிறது? கான்கிரீட்டில் போல்ட் புதைப்பீர்களா?

5. வெல்டிங் பொட்டு வைப்பதா, முழுசுமா? அந்த இடத்துக்குப் பெயின்ட் உண்டா?

6. மின்விசிறி, பொய்க்கூரை இவற்றின் பாரத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா?

7. பத்தடிக்கு மேல் நீளமுள்ள அறையென்றால் ஒரு பொறியாளரிடம் காட்டினீர்களா?

இந்த ஏழையும் ஒரு காகிதத்தில் எழுதி, பதிலையும் அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அக்கா வீட்டுக்கு வந்த பட்டறைக்காரர், "இப்படிக் கேட்டாத்தாம்மா எங்களுக்கும் நல்லது. கொறச்ச வெலைக்கு ஒத்துக்கினு வந்துட்டு, இரும்புல கொறைக்கறவங்க கூட நாங்க போட்டி போட முடியல" என்றார். அதுவும் நியாயம்தானே!

அக்கா மறுபடியும் கூரை போட்டாள். இந்தத் தடவை செலவு கொஞ்சம் கூடத்தான் ஆயிற்று. அதற்காகச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டாள். குழாய் வந்திறங்கிய அன்று கம்பெனிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, பக்கத்துக் காய்கறிக் கடையிலிருந்து தராசை வாங்கி வந்து எடை பார்த்தாளாம். மாமா கேலி செய்தார். "சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு எங்க அத்தை மட்டும் மேல ஏறிப் போகலேன்னா...?" என்றாளாம். மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார்.

தூளி இப்போது கீழ் அறையில், கான்கிரீட் தளத்துக் கொக்கியில் ஆடுகிறது.